நோன்புக்குத் துப்பாத பிள்ளை

புதிதாக எலும்பு வார்ட்டுக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலில் ஓர் எச்சரிக்கை. இந்தத் தொழிலில் ஓய்வு என்று ஒன்று கிடையாது. நான் ஓய்வு பெற்று வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறேன். காலையில் கடற்கரையோரம் நடக்கப் போனால், எதிரே வருகிறவர் "டொக்டர், ஒரு நிமிஷம்" என்று சொல்லி நடுவழியில் முழங்காலை மடக்கிக் காட்டுகிறார். மீன் வாங்கப் போனால் மீன்காரர் பாரை மீனோடு சேர்த்துத் தன் மணிக்கட்டையும் நீட்டுகிறார். இவர்களில் பலர் ஒரு காலத்தில் என் அறைக்குள் வந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, "பெரிய டொக்டர் எப்ப வருவார், மிஸ்?" என்று கேட்டவர்கள். எலும்புக்குப் பெண் டொக்டர் என்பதை இந்த ஊர் ஏற்றுக்கொள்ள ஆன காலத்தில் எத்தனையோ எலும்புகள் தானாகப் பொருந்திவிட்டன.

காறை எலும்பைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் உங்களில் சிலருக்குக் கொட்டாவி வரும். எனக்கும் உங்கள் வயதில் வந்தது. கழுத்துக்குக் கீழே, நெஞ்சுக்கும் தோளுக்கும் நடுவில் கிடக்கிற இந்தச் சின்ன எலும்பு பிள்ளைகளுக்கு உடையும், ஒட்டும். கையைத் தூளியில் தொங்கவிட்டுப் பொறுமையாக இருந்தால் போதும், பெரும்பாலும் அதன் பாட்டில் சேர்ந்துவிடும். கஷ்டம் எலும்பில் இல்லை, அதைச் சுற்றி நிற்கிறவர்களில் இருக்கிறது.

பாடசாலை ரக்பி காலம் தொடங்கினால் தெரியும். கோச் கேட்பார், "பிளேட் ஒண்டு போட்டா கெதியா விளையாடலாம் தானே?" பழைய மாணவர் சங்கத்து ஐயா ஒருவர், எந்த ஆண்டில் படித்தார் என்பதிலிருந்து தொடங்கி, தன் தோள் உடைந்த கதையைச் சொல்லி முடிப்பார். எக்ஸ்ரேயைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் ரொறன்ரோவில் இருக்கும் மாமாவுக்கு அனுப்புவார்கள். மாமா கணக்காளர், ஆனாலும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கும். உங்களிடமோ கத்தி இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, ஏதாவது செய்துகாட்ட வேண்டும் என்ற துடிப்பும் இருக்கிறது.

எனக்கு மேல் இருந்த பெரிய டொக்டர் தெற்கே காலிப் பக்கத்து மனிதர், அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் நான் தேவையில்லாமல் ஒரு பிள்ளையை ஒப்பரேஷன் தியேட்டருக்கு எடுக்க ஆயத்தம் செய்ததைப் பார்த்துவிட்டு, நேர்ஸிடம் இன்னொரு தூளி கேட்டு வாங்கி என் மேசையில் வைத்தார். "இது உங்களுக்கு. கையை உள்ளே போட்டு வையுங்கள்" என்றார். ரோசம் வந்தது. ஆனால் அந்தத் தூளியை என் அலுமாரியில் வெகுகாலம் வைத்திருந்தேன்.

ஆக, சும்மா இருக்கத் தெரிந்தவள் நான். அப்படிச் சும்மா இருந்து பழகியவளுக்குத்தான் ஹிஷாம் வந்து சேர்ந்தான். அவன் இப்போது நன்றாக இருக்கிறான், அடுத்த வருடமே திரும்ப விளையாடினான், அதனால் பயப்படாமல் வாசியுங்கள். அன்றைக்கு நான் பயந்தது போதும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முந்தைய ரமழான் மாதம். வெள்ளவத்தையில் ஒரு தனியார் கிளினிக்கில் பின்னேரங்களில் நோயாளிகளைப் பார்ப்பேன். அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்டுச் சிறிது நேரத்தில், சேறு படிந்த ஜேர்சியோடு ஒரு பிள்ளையைக் கோச் கூட்டிக்கொண்டு வந்தார். பயிற்சியில் பந்தோடு விழுந்த இவன்மேல் இரண்டு பேர் ஏறி விழுந்திருக்கிறார்கள். வயது பதினேழு, வீடு கொட்டாஞ்சேனை, நோன்பு பிடித்திருக்கிறான். வருகிற சனிக்கிழமை தேசிய இளையோர் அணிக்கு ஆள் பொறுக்கும் கேம்ப். இவ்வளவையும் கோச்சே சொல்லி முடித்தார். பிள்ளை வாய் திறக்கவில்லை.

கோச் சிங்களவர், ஆனால் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் தண்ணீர் மாதிரி வரும்.

"டொக்டர், எக்ஸ்ரே எடுத்தாச்சு. உடைவு இல்லையாம். இவன நோம்பு தொறக்க முன்னம் வீட்ட கொண்டுபோய் விடோணும். இந்த டிராஃபிக்ல எப்பிடிப் போறதெண்டு தான் யோசிக்கிறன்."

எக்ஸ்ரேயைப் பார்த்தேன். காறை எலும்பு முழுசாக, நேராக இருந்தது. சந்தோஷப்பட வேண்டிய படம். ஆனால் பிள்ளைக்கு நொந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை. வழக்கமாக எலும்பின் நடுவிலோ தோள் பக்கத்திலோ தொட்டால்தான் துள்ளுவார்கள். இவன் நெஞ்சு எலும்போடு சேருகிற உள் முனையைத் தொட்டதும் துள்ளினான். அந்த இடத்தில் எக்ஸ்ரே வாய் பேசாது. இந்த வயதில் அந்த முனை உடைந்து பின்பக்கமாகத் தள்ளுப்பட்டால், அதற்குப் பின்னால் இருப்பவை மூச்சுக்குழாய், உணவுக்குழாய், பெரிய இரத்தக் குழாய்கள். எப்போதாவதுதான் நடக்கும். நான் அதுவரை நேரில் பார்த்தது ஒன்றே ஒன்று, அதுவும் இன்னொருவர் கண்டுபிடித்தது.

"கட்டில்ல ஒருக்காப் படும் மகன், பாப்பம்" என்றேன்.

"இருந்தா பரவாயில்ல டொக்டர்" என்று கதிரையில் முன்னுக்குச் சாய்ந்தபடியே இருந்தான்.

"மூச்சு எடுக்க ஏலுதா?"

"ஓம்."

"விழுங்க?"

"ஓம் டொக்டர். பிரச்சின ஒண்டும் இல்ல." சொல்லிவிட்டுக் கையிலிருந்த டிஷூவை வாயில் வைத்துத் துப்பினான். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. காலையில் இருந்து தண்ணீர் குடிக்காமல் மைதானத்தில் கத்தினால் யாருக்குத்தான் கம்மாது?

வேறொரு நாளாக இருந்தால் ஒரு கிளாஸ் தண்ணீரைக் கையில் கொடுத்து, குடித்துக் காட்டு என்றிருப்பேன். அது என் பழக்கம், ஒரு வாய் தண்ணீர் ஆயிரம் கேள்விக்குப் பதில் சொல்லும். ஆனால் நோன்பாளியின் முன்னால் தண்ணீர்க் கிளாஸை நீட்ட எனக்குக் கை வருமா? என் ஃபிளாட்டில் பக்கத்து வீடு முஸ்லிம் குடும்பம். ரமழான் மாதத்தில் அவர்களுடைய பிள்ளைகள் வெளியே நின்றால் நான் தேத்தண்ணீர்க் கோப்பையை மறைத்துக்கொண்டுதான் போவேன்.

டிஷூவை மாற்ற இன்னொன்று கேட்டான். நேர்ஸ் முழுப் பெட்டியையும் கொடுத்துவிட்டு, "எதுக்கு மல்லி இவ்வளவு துப்புறது?" என்று கேட்டார். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி.

"நோம்பு, மிஸ்."

நேர்ஸ் தலையாட்டினார். கோச் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். எச்சிலை விழுங்கினால் நோன்பு போய்விடும் என்று நினைத்துச் சில பிள்ளைகள் நாள் முழுக்கத் துப்பிக்கொண்டு திரிவது எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுச் சின்னவன் எங்கள் படிக்கட்டுப் பூச்சாடியை அப்படித்தான் சாகடித்தான். ஒரு பௌத்தர், ஒரு கத்தோலிக்கர், ஒரு சைவக்காரி, மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரு முஸ்லிம் பிள்ளையின் நோன்புக்கு மரியாதை செய்துகொண்டு நின்றோம். இந்த நாட்டில் இப்படி ஒரு காட்சி கிடைப்பது அருமை, அதைக் கெடுக்க யாருக்கு மனம் வரும்?

கோச் மணிக்கூட்டைப் பார்த்தார். "டொக்டர், தூளியப் போட்டு விடுங்களன். நாங்க போறம். நாளைக்கு வேணுமெண்டா திருப்பிக் கொண்டு வாறன்."

அவரில் குறை இல்லை. கேம்ப் அவர் மனதில் இருந்தது உண்மை, ஆனால் பிள்ளை பசியோடு வீதியில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற அக்கறையும் உண்மை. எனக்கும் அதே அவசரம்தான். ஸ்கேனுக்கு எழுதினால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நோன்பு திறக்கிற நேரம் அங்கே வரிசையில் போய்விடும், சனிக்கிழமையும் போய்விடும். எழுதாவிட்டால்? எக்ஸ்ரே சுத்தம், பிள்ளை எல்லாவற்றுக்கும் ஓம் என்கிறான். பேனையைத் திறந்தேன், மூடினேன்.

தம்பி தங்கைகளே, இப்படியான நேரத்தில் அறிவு உங்களைக் கைவிடும், பழக்கம்தான் கைகொடுக்கும். என்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. பதினெட்டு ஆகாத பிள்ளையை, தாயோ தகப்பனோ வந்து பார்க்காமல், கோச்சோடு வீட்டுக்கு அனுப்பமாட்டேன். இதற்காக என்னைப் பிடிவாதக்காரி என்று பல பாடசாலைகளில் பேசிக்கொள்வார்கள். பேசட்டும்.

"உம்மா வந்தாப் பிறகு போகலாம். இருங்கோ" என்றேன்.

"டொக்டர், அவ கொட்டாஞ்சேனையில இருந்து வரோணும்."

"வரட்டும். நானும் இருக்கிறன் தானே."

கோச் வெளியே போய்க் கதவைச் சற்றுப் பலமாகச் சாத்தினார். ஹிஷாம் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை அதிகம் இல்லை. நேர்ஸ் மட்டும் சத்தமில்லாமல் அடுத்த நோயாளியை உள்ளே விட்டார். அவனை அதே அறை மூலையில், என் கண்ணுக்கு முன்னால் இருத்திக்கொண்டேன்.

உம்மா வந்தபோது வெயில் தணிந்திருந்தது. புறக்கோட்டையைத் தாண்டவே பாதி உயிர் போனது என்று சொல்லிக்கொண்டு த்ரீவீலில் இருந்து இறங்கி வந்தவரின் ஒரு கையில் கஞ்சிப் போத்தல், மறு கையில் பேரீச்சம்பழப் பெட்டி. பிள்ளை வழியிலாவது நோன்பு திறக்கட்டும் என்று கொண்டு வந்திருக்கிறார். வாப்பா நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு வழக்கறிஞரிடம் கிளார்க், வழக்கு முடியாததால் வர முடியவில்லை. நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் திரும்பவும் டிஷூவை எடுத்தான்.

"டொக்டர், இவன் என்னத்துக்கு துப்பிக்கொண்டு ஈக்கிற?"

"நோம்பு தானே" என்று நேர்ஸ் சமாதானம் சொன்னார்.

"இல்ல மிஸ். இவன் நோம்புக்குத் துப்புற புள்ள இல்ல. சின்னதுல துப்பித் துப்பி செவரெல்லாம் நாசமாக்கின தான். பள்ளிவாசல் ஹஸ்ரத் ஒரு நாள் கூப்பிட்டுச் சென்னார், எச்சில முழுங்கினா நோம்பு முறியாதுண்டு. அதோட உட்டுட்டான். இப்ப தங்கச்சி துப்பினா இவன் தான் ஏசுற."

அடுத்த நோயாளியை வெளியே இருக்கச் சொன்னேன். 

அவன் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். "ஹிஷாம், என்னைப் பார் மகன். எச்சிலை ஒருக்கா விழுங்கு."

அவன் கதவைப் பார்த்தான். கோச் அங்கே வந்து நின்றார். பிறகு உம்மாவைப் பார்த்தான். முயற்சி செய்தான். தொண்டை பாதி ஏறியது, முகம் கோணிற்று, கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. டிஷூவைத் தேடினான்.

"ஏலுதில்ல டொக்டர்."

"எப்ப இருந்து?"

"விழுந்ததில இருந்து. என்னமோ அடைச்சிக்கொண்டு ஈக்கிற மாதிரி."

"படுக்க?"

"படுத்தா மூச்சு முட்டுற."

"ஏன் சொல்லேல்ல?"

அவன் கண் கதவில் நின்ற கோச்சிடம் போனது. கோச் சுவரோரம் இருந்த வாங்கில் மெல்ல உட்கார்ந்தார். "அனே மல்லி", ஐயோ தம்பி, என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகு நடந்தவற்றில் தொழில் நுணுக்கம் உங்களுக்குப் புத்தகத்தில் கிடைக்கும். அம்புலன்ஸ் வரும்வரை அவனைப் படுக்க விடாமல் இருத்தி வைத்தோம். நான் நெஞ்சு அறுவைச் சிகிச்சை நண்பர் ஒருவருக்கும் மயக்க மருந்து டொக்டருக்கும் போன் எடுத்தேன். அம்புலன்ஸில் உம்மாவும் நானும் அவனுக்கு இரண்டு பக்கமும். காலி வீதி முழுக்க வீட்டுக்குப் போகிற வாகனங்கள். சைரன் கத்தியது, ஒருவரும் விலகவில்லை, வழக்கம்போல.

"நோம்பு புடிச்சிட்டுப் பொய் சென்னியா?" என்று உம்மா கேட்டார். கோபத்தில் அல்ல, பயத்தில் கேட்டார்.

"துப்பினதுக்குப் பொய் செல்லல்ல உம்மா. நோம்புண்டு மட்டும் தான் சென்ன. நோம்பு தானே."

புதுக்கடை வாப்பாவின் பிள்ளை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிரிப்பு வந்துவிட்டது. உம்மாவுக்கும் வந்தது, உடனே அழுகையும் வந்தது.

ஸ்கேன் படத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. எலும்பின் உள் முனை பின்னால் போய், உணவுக்குழாயை அமத்திக்கொண்டு, பெரிய இரத்தக் குழாய் ஒன்றுக்கு மிக அருகில் நின்றது. தூளியைப் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அவன் கட்டிலில் மல்லாந்து படுத்திருப்பான். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை, நீங்களும் யோசிக்க வேண்டாம்.

தியேட்டருக்கு வெளியே அவனோடு காத்து நிற்கும்போது யாருடைய போனிலோ நோன்பு திறக்கிற மஃரிப் பாங்கு ஒலித்தது. உம்மாவின் கை தன்னால் பெட்டியைத் திறந்தது. ஒரு பழத்தை எடுத்துப் பிள்ளையின் வாயருகே கொண்டு போனார். அது அவர் வருடாவருடம் செய்கிற வேலை, யோசித்துச் செய்வதல்ல.

"உம்மா, வேண்டாம்" என்று கையைப் பிடித்தேன். "மயக்க மருந்து குடுக்க வேணும். ஒண்டும் குடுக்காதேங்கோ."

ஒரு தாயின் கையை அந்த நேரத்தில், அந்தக் காரியத்தில் இருந்து தடுத்தது போல ஒரு கஷ்டமான வேலையை நான் தியேட்டருக்குள்ளே செய்ததில்லை. அவர் பழத்தைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டார். தியேட்டர் நேர்ஸ் ஒருவர் வற்புறுத்தியதால் ஒரு மிடறு தண்ணீர் மட்டும் குடித்தார்.

"நோம்பத் தண்ணியால தொறந்திட்டன். ஈத்தம்பழம் இவனோட" என்றார்.

மயக்க மருந்து டொக்டர் வந்து, கடைசியாக எப்போது சாப்பிட்டான் என்று கேட்டார். விடியமுன் ஸஹருக்கு என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அவசரத்துக்கு வாற ஒவ்வொருத்தனும் கொத்துரொட்டி சாப்பிட்டிட்டுத் தான் வாறான். இவனைப் போல வெறும் வயிறு எனக்குக் கிடைச்சதே இல்லை" என்றார். நெஞ்சு அறுவை நண்பர் கையுறை போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு மூலையில் நின்றார். இரத்தக் குழாய் கிழிந்தால் மட்டும் அவருக்கு வேலை. "நான் சும்மா நிண்டிட்டுப் போனா உனக்கு நல்லது" என்றார். எனக்குக் காலிப் பக்கத்துப் பெரிய டொக்டரின் தூளி ஞாபகம் வந்தது. கையைக் கட்டவும் ஒரு நாள் இருக்கிறது, அவிழ்க்கவும் ஒரு நாள் இருக்கிறது. அந்த இரண்டு நாளையும் பிரித்து அறிவதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

தோளைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தோம். முதல் தரம் அசையவில்லை. நண்பர் கைக்கட்டை அவிழ்த்தார். இரண்டாம் தரம் எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு சத்தம், எலும்பு தன் இடத்துக்கு வந்தது. நாங்கள் காத்திருந்தோம். இரத்த அழுத்தம் விழவில்லை, நிறம் மாறவில்லை. நண்பர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, இடியப்பம் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு போனார்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மற்றவருடைய நம்பிக்கைக்கு மரியாதை செய்யுங்கள், கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். நோயாளி தருகிற காரணம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த காரணமாக இருந்தால் இன்னும் கவனமாக இருங்கள். பொதுவாக நோன்பாளிகள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஹிஷாம் என்ன செய்வான் என்று அவன் உம்மாவுக்குத்தான் தெரியும்.

அவன் கண் விழித்தபோது உம்மாவும் நானும் பக்கத்தில் நின்றோம். கோச் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார், உள்ளே விட மாட்டார்கள் என்று தெரிந்தும் போகவில்லை. ஹிஷாம் கண்ணைச் சுழற்றி எங்களைப் பார்த்தான்.

"சனிக்கிழமை?" என்றான்.

 சனிக்கிழமை என்ற ஒன்று இருப்பதே எங்கள் இருவருக்கும் மறந்திருந்தது. நாங்கள் அவனுடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது ஏறியது, தயங்கியது, பிறகு இறங்கியது. முகம் கோணவில்லை. அவன் டிஷூவைத் தேடவில்லை.

உம்மா கைக்குட்டையைப் பிரித்துப் பேரீச்சம்பழத்தை எடுத்தார். "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி, பாதியைக் கடித்துச் சாப்பிட்டார். மற்றப் பாதியைத் திரும்பவும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, "இவனுக்கு எப்ப குடுக்கலாம் டொக்டர்?" என்று கேட்டார்.